ரெண்டு கரண்டி நல்லெண்ணெய்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க டீச்சர். எனக்கு வேண்டாம், வெயில் படும். எனக்கில்ல, மடியில இருக்கிற இந்தப் போத்தலுக்கு. டீச்சர்தானே நீங்க? பையில சிவப்பு மைப் பேனா எட்டிப் பார்க்குது, அதான் கேட்டேன். தெலுக் இந்தானுக்கா போறீங்க? நானும் அங்கதான். காலையில இதே பஸ்லதான் பீடோருக்கு ஒரு காரியமா வந்தேன். முடிஞ்சுது, திரும்பிப் போறேன்.

போத்தல்ல என்னன்னு பார்க்கிறீங்க. உப்புத் தண்ணி. சீனங்க ஊறுகாய் போடற உப்புத் தண்ணி. பழசு. நீங்க பிறக்கிறதுக்கு முந்தியே ஊறிக்கிட்டிருந்த தண்ணி. தெரிஞ்சவங்க யாராவது பார்த்தா, தனபாக்கியம் சீன ஊறுகாய்த் தண்ணியைப் பிள்ளை மாதிரி மடியில வச்சுக்கிட்டுப் போறாளேன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். ஏதோ குத்தம் பண்ணிட்டு அதுக்குப் பரிகாரமா தூக்கிட்டுப் போறேன்னு நினைச்சுடாதீங்க. எம்மேல ஒரு குத்தமும் இல்ல. அதை முதல்லயே சொல்லிடறேன்.

எங்க தாமான் குடியிருப்பு மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்குப் பதினேழு வருஷமா என் எலுமிச்சை ஊறுகாய்தான். நடுவுல ஒரு தலைவர் வந்தாரு, கடையில வாங்கிப் போட்டா போதும்னாரு. ஜனங்க இலை ஓரத்துல ஒதுக்கி வச்சுட்டு எழுந்துட்டாங்க. மறு வருஷம் தலைவரை மாத்திட்டாங்க. ஊறுகாயாலதான்னு நான் சொல்லல. மாத்திட்டாங்க, அவ்வளவுதான்.

இந்தத் தண்ணி விஷயம் எங்க பக்கத்து வீட்டு சூஃபன் விஷயம். இரும்புக்கடை ஆ லோக் சம்சாரம். இந்த நாட்டுச் சீனத்தி இல்ல. சீனாவுலேர்ந்தே கல்யாணமாகி வந்தவ, செச்சுவான்னு ஒரு பக்கமாம். வந்தப்போ மலாய்ல ஒரு வார்த்தை தெரியாது. நான்தான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு சொல்லிக் கொடுத்தேன். அதனால அவ மலாயும் என் மலாய் மாதிரியே இருக்கும். நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டா மலாய்க்காரங்களுக்கே புரியாது. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவா. இருபத்தெட்டு வருஷம் ஆச்சு.

வெள்ளிக்கிழமை ஆனா நான் வேலி மேல சாம்பார் கொடுப்பேன், அவ ஒரு தட்டு ஊறுகாய் கொடுப்பா. முள்ளங்கி, இஞ்சி, பயத்தங்காய், கடுகுக்கீரைத் தண்டு. சில நாள் பச்சைப் பப்பாளி, கொய்யா. எண்ணெய் கிடையாது, பெருங்காயம் கிடையாது, வெந்தயம் கிடையாது. உப்புத் தண்ணியில போட்டு எடுக்கறதுதான். கடிச்சா நறுக்குன்னு இருக்கும். நல்லாத்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. ஆனா அதை ஊறுகாய்னு சொல்ல எனக்கு மனசு வராது. குளிச்சுட்டு வந்த காய்னு வேணா சொல்லலாம்.

அதுக்குன்னு ஒரு மண் ஜாடி. இடுப்பு உசரம். வாயைச் சுத்தி வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துல தண்ணி ஊத்தி, மேல கிண்ணம் மாதிரி மூடியைக் கவிழ்த்துடுவா. வெளிக்காத்து உள்ள போகாது. சமையலறைக்குப் பின்னால இருட்டு மூலையில உட்கார்ந்திருக்கும். காய் மாறிக்கிட்டே இருக்கும், தண்ணியை மட்டும் கொட்டவே மாட்டா. எதுக்குடி இந்தப் பழந்தண்ணியைக் கட்டிக்கிட்டு அழறேன்னு ஒரு தடவை கேட்டேன். சிரிச்சா. அவ எப்பவும் அப்படித்தான். எதுக்கும் பதில் வராது, சிரிப்புதான் வரும்.

நாலு மாசம் முன்னால ஆ லோக்குக்கு நெஞ்சுவலி. ஈப்போவுல ஆபரேசன், இருபது நாள் கூடவே இருக்கணும்னாங்க. சூஃபன் சாவியை எங்கிட்ட கொடுத்துட்டு, ஜாடிக்கிட்ட கூட்டிட்டுப் போனா. அக்கா, மூணு நாளைக்கு ஒரு தடவை இந்தப் பள்ளத்துல தண்ணி ஊத்துங்க. மூடியைத் திறக்காதீங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க. இதை ஒரு தடவை சொன்னா பரவாயில்ல. மூணு தடவை சொன்னா டீச்சர். விரலை மடக்கி மடக்கிச் சொன்னா. கொல்லன் தெருவுல ஊசி விக்கிற மாதிரி, எங்கிட்ட வந்து ஊறுகாய் பார்த்துக்கறது எப்படின்னு! ஆனா பாவம், புருஷன் ஆஸ்பத்திரியில கிடக்கறான். சரி சரின்னு தலையாட்டினேன்.

நாலாவது நாள் போய்த் தண்ணி ஊத்தறேன், ஜாடி 'குளுக்'குங்குது. நிஜமாத்தான். யாரோ உள்ளேயிருந்து ஏப்பம் விடற மாதிரி. கொஞ்ச நேரம் நின்னேன். மறுபடியும் குளுக். என் வாழ்நாள்ல எந்த ஊறுகாயும் எங்கிட்ட பேசினதில்ல. பேசினா அது கெட்டுப்போகுதுன்னு அர்த்தம். திறந்து பார்க்காம இருக்க முடியுமா? வேற ஒருத்தியா இருந்தா நமக்கென்னன்னு போயிருப்பா. எனக்கு அப்படி மனசு இல்ல. திறந்தேன்.

கிளறாத ஊறுகாய் உருப்படுமா, நீங்களே சொல்லுங்க. நாலு நாளா ஒரு கை படல. நம்ம வீட்டுல தினமும் குலுக்குவோம், கிளறுவோம், அப்பத்தானே உப்பு எல்லாப் பக்கமும் ஏறும்? எங்க வீட்டுக் கரண்டியைக் கொண்டு போய்க் கிளறினேன். சுத்தமான கரண்டி. ஈரம் ஒரு பொட்டு இல்லாமத் துடைச்சு எடுத்துட்டுப் போனேன். காலையில பருப்புக்குத் தாளிச்ச கரண்டிதான், ஆனா துடைச்சுட்டேன்.

அதுலேர்ந்து தினமும் போய்க் கிளறிட்டு வந்தேன். எங்க வீட்டுக்காரர் நாற்காலியில உட்கார்ந்தபடியே ஒரு வார்த்தை சொன்னாரு, சொன்னதை மட்டும் செய்யேன்னு. அவருக்கு ஊறுகாயைச் சாப்பிடத்தான் தெரியும்.

ஏழாவது நாள் எனக்கே தோணுச்சு, இந்த ஜாடி வெயிலையே பார்த்ததில்லையேன்னு. வெயில் படாத ஊறுகாய் எப்படி நிக்கும்? கோணியை அடியில விரிச்சு, இழுத்து இழுத்துப் பின்கட்டுக்குக் கொண்டு வந்தேன். முதுகு பிடிச்சுக்கிட்டது, இன்னும் சரியாகல. யாருக்காக? எனக்காகவா? நல்ல வெயில், ரெண்டு நாள் காட்டினேன். மறுபடி இழுத்துட்டுப் போய் மூலையில வச்சேன்.

ஒன்பதாவது நாள் திறந்தா, மேல வெள்ளையா ஏடு படிஞ்சிருக்கு. பூசணம்! அடுத்தவ ஒப்படைச்சுட்டுப் போன பொருள். அவ வந்து பார்த்தா என்ன நினைப்பா? நானும் யோசிக்காம எதையும் செய்யல. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். எலுமிச்சை ஊறுகாய்ல ஏடு கட்டினா நாம என்ன செய்வோம்? ஏட்டை எடுத்துட்டு, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவச்சு ஊத்துவோம். எண்ணெய் மேல மிதந்தா காத்து அண்டாது. அதையேதான் செஞ்சேன். ரெண்டு கரண்டி. நல்ல செக்கு எண்ணெய், கோயிலுக்குன்னு வச்சிருந்தது. அதுலேர்ந்து எடுத்து ஊத்தினேன். அவ்வளவு பிரியம் எனக்கு.

இருபத்தோராம் நாள் சூஃபன் வந்தா. ஆ லோக் தேறிட்டான். வந்ததும் வராததுமா ஜாடியைத் திறந்தா. நான் பக்கத்துலதான் நின்னேன். கொஞ்சம் நாத்தம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. தண்ணி கோழையா நூல் விட்டுக்கிட்டு இருந்துச்சு. மேல எண்ணெய் மினுமினுன்னு நின்னுச்சு. சூஃபன் குனிஞ்சு பார்த்தா. ரொம்ப நேரம் பார்த்தா. நிமிர்ந்து மூடியைக் கவிழ்த்தா. அப்புறம் ஒரு குவளைத் தண்ணி எடுத்து அந்தப் பள்ளத்துல ஊத்தினா. உள்ள எல்லாம் போயிடுச்சு, இனிமே எதுக்குத் தண்ணி? ஆனா ஊத்தினா.

பரவாயில்ல அக்கா, ரொம்ப நன்றின்னு சொன்னா. ஈப்போவுலேர்ந்து ரெண்டு பம்ளிமாஸ் வாங்கிட்டு வந்திருந்தா, அதை என் கையில கொடுத்தா. நான் வாங்கிட்டு வந்தேன். நல்ல இனிப்பு.

இப்ப சொல்லுங்க, இதுல யாருக்குக் கோபம் வரணும்? எனக்குத்தானே? முதுகு ஒடிய இழுத்தவ நான். என்ன செஞ்சீங்க அக்கான்னு ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்டிருந்தா விளக்கிச் சொல்லியிருப்பேன். திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பேன், மறுநாள் சரியாப் போயிருக்கும். எங்க நாத்தனார் கூட அப்படித்தான் முப்பது வருஷம் ஓட்டினேன். இவ பரவாயில்லைங்கறா.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. நான் சாம்பார் கொடுத்தேன். அவளும் தட்டு கொடுத்தா. என்ன தெரியுமா? டின் ஊறுகாய். கடையில விக்கிற டின்னைத் திறந்து, தட்டுல அழகா அடுக்கி, மேல ஒரு மல்லித்தழை வேற. எனக்கா தெரியாது? வாயில போட்டதும் தெரிஞ்சு போச்சு, சீனியும் தகரமும். அடுத்த வெள்ளியும் டின். அதுக்கடுத்த வெள்ளியும் டின். பன்னெண்டு வெள்ளிக்கிழமை டீச்சர். பதினேழு வருஷமா கோயிலுக்கு ஊறுகாய் போடறவளை டின் ஊறுகாய் திங்க வச்சுட்டா. நானும் ஒண்ணும் சொல்லாமத் தின்னேன். என் பொறுமை யாருக்கு வரும்?

போன வாரம் அவ பொண்ணு ஹுய்மின் பினாங்குலேர்ந்து வந்தா. வர்ற ஞாயிறு அதுக்குக் கல்யாணம். தூக்கி வளர்த்த பொண்ணு, தமிழ்ல அத்தைன்னுதான் கூப்பிடும். வேலி ஓரமா நின்னு பேசிக்கிட்டிருந்தோம். பின்னால புது ஜாடி ஒண்ணு, சிவப்பு ரிப்பன் கட்டி வச்சிருக்கு. அம்மா கொடுக்கறாங்களான்னு கேட்டேன். ஆமா அத்தை, ஆனா காலி ஜாடிதான்னுச்சு.

அப்பத்தான் சொல்லுச்சு. சூஃபன் ஊர்ல பொண்ணு கல்யாணமாகிப் போறப்போ அம்மா ஜாடியிலேர்ந்து கொஞ்சம் தண்ணியை மொண்டு கொடுத்து அனுப்புவாங்களாம். சூஃபனோட அம்மா அப்படிக் கொடுத்த தண்ணிதான் அது. ஒரு மருந்துப் போத்தல்ல ஊத்தி, சுவெட்டர்ல சுத்தி, ரயில்ல ரெண்டு நாள், அப்புறம் ப்ளேன்ல, வயித்தோட கட்டிக்கிட்டு வந்திருக்கா. வந்த மறு வருஷம் அந்த அம்மா செத்துட்டாங்க. சாவுக்குக்கூட இவளால போக முடியல. கெட்டுப் போச்சுன்னு அம்மா சொன்னாங்க அத்தை, எப்படின்னு கேட்டேன், சொல்லலன்னு அந்தப் பொண்ணு என்னைப் பார்த்துச் சொல்லுது. நான் வேலியில இருந்த செம்பருத்தியைப் பார்த்துக்கிட்டு நின்னேன்.

எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா கல்யாணப் பொண்ணு கையில வெறும் ஜாடியா? வெறுங்குடம் எதிர்ல வந்தாலே நாம திரும்பி வீட்டுக்குள்ள போயிடறோம். இதை எடுத்துட்டு ஒரு பொண்ணு புகுந்த வீட்டுக்குப் போறதா? மனசு கேட்கல. அந்தப் பொண்ணுக்காகத்தான் கிளம்பினேன், வேற எதுக்காகவும் இல்ல.

பீடோர்ல யாப்னு ஒருத்தி மீ கடை, நூடுல்ஸ் கடைதான், வச்சிருக்கா. முன்ன எங்க தாமான்லதான் இருந்தா, சூஃபனுக்கு உசிருக்கு உசிரான சிநேகிதி. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால சூஃபன் அவளுக்கு ஒரு போத்தல் தண்ணி கொடுத்தா. யாப் அதை வச்சுக் கடை போட்டு, 'எங்கள் பரம்பரை ஊறுகாய்'னு பலகை மாட்டிட்டா. அதோட பேச்சு நின்னுச்சு. பரம்பரைன்னு போட்டா யாருக்குத்தான் வலிக்காது? சரி, தண்ணி அவகிட்ட இருக்கும், கேட்டு வாங்கிட்டு வந்துடலாம்னு இன்னிக்குக் காலையில போனேன்.

கடையில கூட்டம். யாப் என்னைப் பார்த்ததும், ஓ, எலுமிச்சை அக்கான்னு சிரிச்சா. ஹுய்மின் கல்யாணத்துக்கு ஒரு போத்தல் தண்ணி வேணும்னேன். சிரிப்பு போயிடுச்சு. சூஃபன் அனுப்பினாளான்னு கேட்டா. இல்ல, அவளுக்குத் தெரியாது, நானாத்தான் வந்தேன்னேன். கரண்டியைக் கீழ வச்சா.

யாப் சொன்னதை அப்படியே சொல்றேன் டீச்சர். "சூஃபன் போன மாசமே போன் பண்ணா. பன்னெண்டு வருஷத்துக்கப்புறம் போன் பண்றா. ஒரு போத்தல் கொடு, பொண்ணு கல்யாணம்னு கேட்டா. உன் தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு கேட்டேன். கவனமில்லாம நானே எண்ணெய்க் கரண்டியைப் போட்டுட்டேன்னு சொன்னா. எனக்கு வந்துச்சே கோபம். எனக்குத் தண்ணி கொடுத்த அன்னிக்கு, மூணு தடவை என் கையைக் கழுவச் சொல்லி, விரலை மோந்து பார்த்துட்டுக் கொடுத்தவ அவ. அவ்வளவு பேசினவ இப்படிச் செய்யலாமான்னு திட்டினேன். நீயெல்லாம் ஒரு அம்மாவான்னு கேட்டேன். கால் மணி நேரம் திட்டினேன். இந்தத் தண்ணியைக் கெடுத்த கைக்கு என் வீட்டுலேர்ந்து ஒரு சொட்டு கிடையாதுன்னு சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டா. சரின்னு சொல்லிட்டு போனை வச்சா."

கடையில மீ வெந்துக்கிட்டிருக்கு. ஆளுங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க. யாப் என்னையே பார்க்கறா. அவ ஒண்ணும் கேட்கல. நான் சும்மா நின்னிருந்தாலும் போதும், இல்லைன்னு அனுப்பியிருப்பா, நானும் முயற்சி பண்ணினேன்னு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

"அந்தக் கை அவ கை இல்ல. இந்தக் கை"ன்னு நீட்டினேன்.

எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. எங்க வீட்டுக்காரர்கிட்டகூட இந்த அறுபது வயசுல நான் தப்புன்னு ஒரு தடவை சொன்னதில்ல. யாப்புக்குக் காது வேற கொஞ்சம் மந்தம். என்ன, என்னன்னு கேட்டா. சத்தமாச் சொல்ல வேண்டியதாப் போச்சு. நான்தான் திறந்தேன், நான்தான் கிளறினேன், நான்தான் வெயில்ல வச்சேன், ரெண்டு கரண்டி நல்லெண்ணெய் ஊத்தினேன்னு, மீ தின்னுக்கிட்டிருந்த அத்தனை பேர் முன்னாலயும் சொன்னேன். வெயில்ல வச்சியான்னு அவ தலையில கையை வச்சுக்கிட்டா. எண்ணெயைவிட அதுதான் அவளுக்குப் பெரிசாப் பட்டுச்சு போல.

அப்புறம் அழுதேன். அதை எதுக்கு உங்ககிட்ட மறைக்கணும். மீ கடையில நின்னு அழுதேன். சூஃபன் அந்தக் கால் மணி நேரம் போனைக் காதுல வச்சுக்கிட்டு எனக்காகத் திட்டு வாங்கினதை நினைச்சு அழுதேன். அன்னிக்கு வெள்ளிக்கிழமையா இருந்தாலும் இருக்கும். திட்டு வாங்கிட்டு வந்து எனக்குத் தட்டுல மல்லித்தழை கிள்ளிப் போட்டிருப்பா.

யாப் சோப்பைக் கொடுத்தா. மூணு தடவை கழுவச் சொன்னா. காகிதத்துல துடைக்கச் சொன்னா. விரலை மோந்து பார்த்தா. கெடுத்த கையே மொண்டுக்கட்டும்னு, கொதிக்க வச்ச கரண்டியை எங்கிட்டயே கொடுத்துட்டா. மூடியைத் திறந்தேன். அதே வாசம் டீச்சர். இருபத்தெட்டு வருஷமா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வேலி மேல வந்த அதே வாசம். மொண்டப்போ ஒரு சொட்டு வெளிய சிந்துச்சு. அதுக்கும் திட்டினா.

அந்தக் கதைதான் இந்தப் போத்தல்ல இருக்கு. எண்ணெய் ஊத்தினது தப்புன்னு இப்பவும் நான் சொல்லமாட்டேன். எண்ணெய் தப்பாப் போகுமா? அந்த ஊறுகாய்க்கு அது ஒத்துக்கல, அவ்வளவுதான். ஆனா மூடியைத் திறக்காதேன்னு மூணு தடவை சொன்னா பாருங்க, அதை நான் கேட்டிருக்கணும்.

இப்ப இதைக் கொண்டு போய் சூஃபன்கிட்ட நீட்டணும். எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவளுக்கு வாசத்துலயே தெரிஞ்சுடும். யாப் எப்படிக் கொடுத்தான்னு கேட்கமாட்டா. நீங்க என்ன சொன்னீங்க அக்கான்னு கேட்கமாட்டா. அன்னிக்கு என்னதான் செஞ்சீங்கன்னும் கேட்கமாட்டா. வாங்கிக்கிட்டு, நன்றி அக்கான்னு சிரிப்பா. நான் வாயே திறக்காம ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்குப் போய் முதல் மேசையில உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வந்துடலாம். ஜாடியில தண்ணி இருக்கும், பொண்ணு எடுத்துட்டுப் போகும், எல்லாம் நல்லபடியா முடியும். இருபத்தெட்டு வருஷமா அவளை எனக்குத் தெரியும் டீச்சர், சாகிற வரைக்கும் அவ கேட்கமாட்டா. அதனாலதான் நானாச் சொல்லியாகணும்.

அந்தா, பாலம் தெரியுது. தாண்டினதும் என் நிறுத்தம். அந்த மணியைக் கொஞ்சம் நீங்க அடிச்சுடுங்க டீச்சர். எங்கிட்ட விட்டா அடிக்காமலே அடுத்த நிறுத்தத்துக்குப் போயிடுவேன்.